சங்கில் ஆண் எது, பெண் எது?

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கிலிருந்து சதை எடுக்கும் கொட்டகைக்கு ஒரு சந்தேகத்தோடுதான் போனேன். ஓடு தடித்திருந்தால் ஆண் சங்கு, மெலிந்திருந்தால் பெண் சங்கு என்று பூஜைச் சாமான் விற்பவர்கள் சொல்கிறார்களே, உண்மையா?

அங்கே சதை எடுத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி சிரித்தார். "ஓட்டப் பாத்து எவன் சொல்லுவான் தம்பி? சதைய எடுத்தாத்தான் தெரியும்."

சிறு வயதிலேயே சங்குகுளிக்கு இறங்கியவர். காது மந்தமான பிறகு கரை வேலை. சங்கின் வாய்க்குள் கொக்கியை விட்டு, சுருளின் போக்கிலேயே மணிக்கட்டைத் திருப்பி இழுக்கிறார். பழுப்பு மூடியோடு சதை வழுக்கி வருகிறது. அவசரப்பட்டால் நுனி அறுந்து ஓட்டுக்குள் தங்கிவிடும். விந்தகமோ சூலகமோ இருப்பது அந்த நுனியில்தான், செரிமானச் சுரப்பியோடு ஒட்டிக்கொண்டு.

ஆனால் ஆண், பெண் அறிய அவ்வளவு உள்ளே போக வேண்டியதில்லை. தலையில் இரண்டு உணர்கொம்புகள். வலது கொம்புக்குப் பின்னால் மடிந்து கிடந்த தட்டையான தசையை விரலால் நிமிர்த்திக் காட்டினார். ஆண்குறி. அடுத்த சங்கில் அந்த இடம் வெறுமை. மேலே மூடியிருந்த சதைப் போர்வையை விலக்கினால், வலப்புறம் தடித்து வெளுத்த ஒரு சுரப்பி. முட்டைக்கு உறை செய்வது அது. வெளியே வந்த உறை முறுக்கிய ஆட்டுக்கடாக் கொம்பு போல, ஒரு சாண் நீளத்தில், அடி மணலில் புதைந்து நிற்கும். உள்ளே அறை அறையாகக் குஞ்சுகள்.

சங்குக் குஞ்சுக்கு நீந்தித் திரியும் பருவம் கிடையாது. ஓட்டோடு ஊர்ந்தே வெளியே வரும். ஒரு படுகையில் சங்கு வற்றினால் தொலைவிலிருந்து வந்து நிரப்ப வழியில்லை. வங்காளத்துப் பெண்களின் வெள்ளை வளையல்களுக்கு ஓடு போவதெல்லாம் இந்தப் படுகைகளை நம்பித்தான். இழுவை மடி முட்டை உறையையும் சேர்த்து அள்ளுவதுதான் எனக்குப் பெரிய கவலை.

இன்னொரு செய்தியையும் அண்ணாச்சியிடம் சொன்னேன். 1970-இல் இங்கிலாந்தின் பிளிமத் கரையில், டாக்வெல்க் என்ற சிறு கடல் நத்தையில் பெண்களுக்கு ஆண்குறி முளைத்திருந்ததை பிளேபர் என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். கப்பலின் அடியில் கொட்டலசு ஒட்டாமலிருக்கப் பூசிய வண்ணத்திலிருந்த டிரைபியூட்டைல் டின் என்ற நஞ்சுதான் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. கோவாவில் மர்மகோவா துறைமுகப் பக்கத்து நத்தைகளிலும் இதே கோளாறு பதிவாகியிருக்கிறது.

"பொட்டைக்கு அது முளைச்சா முட்டை எப்படிப் போடும்?" என்றார்.

சரியான கேள்வி. டாக்வெல்க்கில் முட்டை வரும் வழியே அடைபட்டுப் பெண் செத்துப்போனது. பல கரைகளில் அந்த நத்தை அற்றேபோனது. அந்தப் பூச்சைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை 2008 செப்டம்பரில்தான் அமலுக்கு வந்தது.

கடையில் ஆண் சங்கு, பெண் சங்கு என்று ஜோடி சேர்த்து விலை சொன்னால், ஓட்டுக்கு மட்டும் காசு கொடுங்கள்.