விரல்தான் சரிபார்க்க வேண்டும்

லிப்லூயியின் சோதனைக் கோப்பில் ஒரு வரி சாதாரண எழுத்து, அடுத்த வரி பிரெயில். முதல் வரியைக் கொடுத்தால் இரண்டாவது வரி வர வேண்டும். படிக்க ஒன்றுமில்லை என்று தோன்றும். என் வேலையில் பாதி அதைப் படிப்பதுதான்.

பார்வையும் செவித்திறனும் இல்லாத நிரலாளர் ஜான் போயர் 2002இல் தொடங்கிய மென்பொருள் நூலகம் லிப்லூயி. எழுத்தைப் பிரெயிலாக்கும், பிரெயிலைத் திரும்ப எழுத்தாக்கும். என்விடிஏ, ஓர்கா போன்ற திரைவாசிப்பான்கள் இதைத்தான் நம்பியிருக்கின்றன. நிரல் சி மொழியில் இருக்கிறது. ஆனால் மொழிகளின் விதிகள் எல்லாம் அட்டவணைக் கோப்புகளில்தான். தலைவலியும் அங்கேதான். ஆங்கிலச் சுருக்கெழுத்துப் பிரெயிலில் 'டிஎச்' இரண்டுக்கும் சேர்த்து ஒரே குறி உண்டு. 'பாட்ஹோல்' என்ற சொல்லில் அதைப் போடக்கூடாது, 'பாட்' தனி, 'ஹோல்' தனி. அதற்கு ஒரு விதிவிலக்கு எழுதினால் எங்கோ வேறொரு சொல் கெடும். எது கெட்டது என்று சொல்லப் பழைய சோதனைகளைத் தவிர ஆளில்லை.

தமிழுக்கு வேறு சிக்கல். கணினியில் 'க்' என்பது முதலில் க, பிறகு புள்ளி. பாரதி பிரெயிலில் அந்த மெய்ப்புள்ளிக்குரிய குறி, அதாவது கட்டத்தின் 4ஆம் புள்ளி, முன்னால் வந்துவிடும். அதன்பின்தான் க-வுக்குரிய 1-3. வரிசை தலைகீழ். வெளிவரும் பிரெயில் சரியாக இருந்தால் போதாது. பிரெயில் காட்டியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் மேல் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் கர்சர் அந்த எழுத்துக்குப் போக வேண்டும். எந்தக் கட்டம் எந்த எழுத்திலிருந்து வந்தது என்ற கணக்குப் பிசகினால், வாசிப்பவர் ஓர் எழுத்தை அழிக்கப்போய்ப் பக்கத்து எழுத்து அழியும். ஆகவே இடக்கணக்குக்கும் சோதனை எழுதுகிறோம். 'கொ' இன்னொரு வம்பு: கொம்பும் காலும் கணினியில் ஒரே குறியாகவும் வரும், இரண்டு குறிகளாகவும் வரும். திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டுக்கும் தனித்தனிச் சோதனை வேண்டும்.

பில்ட் பக்கம் அலுப்பானது, ஆனால் விட முடியாது. ஓர் எழுத்துக்கு 16 பிட், 32 பிட் என இரு விதமாகவும் நூலகத்தைக் கம்பைல் செய்யலாம். 16 பிட்டில் இமோஜி இரண்டு துண்டாகும். இரண்டிலும் சோதனை ஓட வேண்டும். புதிய அட்டவணையைச் சேர்த்தவர் மேக்ஃபைல் பட்டியலில் அதன் பெயரைச் சேர்க்க மறந்தால், அவர் கணினியில் எல்லாம் ஓடும். வெளியீட்டுப் பொதியில் மட்டும் கோப்பு இருக்காது. 'மேக் டிஸ்ட்செக்' பொதியைக் கட்டி, பிரித்து, எழுத அனுமதியில்லாத அடைவில் வைத்து மறுபடி கம்பைல் செய்து பார்க்கும். நேரம் தின்னும் கட்டளைதான். வெளியீட்டுக்கு முன் அதை ஓட்டாதவரை நான் நம்ப மாட்டேன்.

எனக்கு மிகப் பிடித்தது 'எக்ஸ்ஃபெயில்' குறி. 'இது தவறாக வருகிறது, தெரியும், இன்னும் திருத்தவில்லை' என்று பொருள். யாராவது வேறெதையோ மாற்றி, அந்தச் சோதனை தற்செயலாகத் தேறிவிட்டால் அதுவும் தோல்வி என்றே கருவி கத்தும். திருந்தியது என்று பதிவேட்டில் ஏற்றும்வரை விடாது. சரியான பிடிவாதம்.

ஆனால் எந்த இயந்திரமும் தீர்க்காத கேள்வி ஒன்று உண்டு: எதிர்பார்க்கும் விடை சரியா? நிரல் தரும் விடையை அப்படியே நகலெடுத்துச் 'சோதனை' என்று ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் பச்சை காட்டும், பிழை நிரந்தரமாகும். நான் புள்ளிகளைத் திரையில் எண்ணுகிறவன். விரலால் வாசிப்பவருக்குத்தான் பிழை உறுத்தும்.

தமிழ்ப் பிரெயில் வாசிப்பவரா நீங்கள்? தவறாக வரும் ஒரு சொல்லையும், வந்திருக்க வேண்டிய புள்ளிகளின் எண்களையும் எழுதி அனுப்புங்கள். சி மொழி தெரிய வேண்டாம். சோதனைக் கோப்பில் அதை இரண்டு வரியாக நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம்.