தாழ்ந்த மதிலுக்குள் ஓர் ஊர்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பருத்தி வயல்கள் சூழ்ந்த உயர்ந்த சமவெளியின்மீது லப்பக் நகரம் அமைந்துள்ளது. அந்நகரின் மெக்கென்சி பூங்காவில், தாழ்ந்த மதில் ஒன்றினால் சூழப்பட்ட ஒரு வெளி உண்டு. முதலில் வெறும் மண்மேடுகளே கண்ணுக்குப் புலப்படும். சற்று நேரம் அமைதியாக நின்றால், வளைவாயில்களில் சிறு தலைகள் எழும்பும். பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, வந்தவர் யாரென்று அவை உற்றுநோக்கும். இவையே பிரெய்ரி நாய்கள்.

பெயரில் நாய் என்றிருப்பினும், இப்பிராணி அணில் குடும்பத்தைச் சேர்ந்தது. குரைப்பதுபோன்ற குரலே அப்பெயரைப் பெற்றுத் தந்தது. எடை சுமார் ஒரு கிலோ. ஓர் ஆணும் சில பெண்களும் குட்டிகளும் சேர்ந்து ஒரு குடும்பமாக வாழும். எதிர்ப்படும்போது வாயோடு வாய் வைத்துத் தம்மவரை அறிந்துகொள்ளும். பருந்து தென்பட்டால் கண்டது குரலெழுப்பும். மற்றவை நொடியில் வளைக்குள் மறையும். பகைவன் வருவது தொலைவிலேயே தெரியும்படி, வளையைச் சுற்றியுள்ள உயர்ந்த செடிகளை இவை கடித்துக் குட்டையாக்கி வைக்கின்றன. கைவிடப்பட்ட வளைகளில் ஒருவகைச் சிறு ஆந்தைகள் குடியேறுவதுண்டு.

ஒருகாலத்தில் இச்சமவெளி முழுவதும் இவற்றின் ஊராகவே இருந்தது. டெக்சாஸில் ஒரே குடியிருப்பு 25,000 சதுர மைல் பரந்திருந்ததாகவும், அதில் 40 கோடி பிராணிகள் வாழ்ந்ததாகவும் 1905-இல் வெர்னான் பெய்லி என்னும் இயற்கை ஆய்வாளர் மதிப்பிட்டார். கால்நடைகளின் புல்லைத் தின்கின்றன என்று கூறி, பண்ணையாளரும் அரசும் அவற்றை நச்சிட்டு அழித்தனர். ஏர் உழுத நிலங்களும் கொள்ளைநோயும் எஞ்சியவற்றைக் குறைத்தன. இந்நிலையில்தான் 1935-இல் கென்னடி கிளாப் என்னும் லப்பக் நகரவாசி, சில பிராணிகளைக் கொண்டு இந்தப் பாதுகாக்கப்பட்ட குடியிருப்பை ஏற்படுத்தினார். அவர் 1969-இல் மறைந்தார். அவருடைய முயற்சி மறையவில்லை.

ஆயினும் மதிலுக்கு வெளியே கதை வேறு. சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சும் தன் நிலங்களில் பெருகியிருந்த பிரெய்ரி நாய்களைக் கொல்ல, 2002-இல் இதே நகராட்சி திட்டமிட்டது. நிலத்தடி நீர் மாசுபடுவதற்கு அவற்றின் வளைகளும் காரணம் எனப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததால் ஒரு பகுதி பிராணிகள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டன. பூங்காவில் விருந்தினர் ரசிக்கும் அதே உயிர், வயலில் தொல்லையாக எண்ணப்படுகிறது. மனிதரின் பிழைப்புக்கும் வேறோர் உயிரின் பிழைப்புக்கும் இடையே நியாயம் காண்பது எளிதன்று என்பதை இவ்விடம் நமக்கு உணர்த்துகிறது.

இங்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கோடையில் காலையும் மாலையும் ஏற்ற நேரம். கடுங்குளிர் நாட்களில் அவை வெளிவருவது அரிது. வசந்தத்தில் குட்டிகளையும் காணலாம். அருகில் வருகின்றனவே என்று தொடவேண்டாம். இவற்றின் தெள்ளுப்பூச்சிகள் கொள்ளைநோயைப் பரப்பக்கூடும். பிள்ளைகள் நீட்டும் தின்பண்டங்கள் இவற்றுக்குத் தீங்கானவை. பார்ப்பதற்குப் பொறுமை ஒன்றே போதும்.