சிறு கொடையும் சிறுவர் உலகமும்

கொடை என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழர் நெஞ்சில் தோன்றுவோர் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும், மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனுமே ஆவர். அத்துணைப் பெருங்கொடையைப் பற்றிப் பேச நாம் இன்று முற்படவில்லை. ஒரு பெட்டி வர்ணம், ஒரு கட்டுக் கடதாசி, இருபது பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொணர்வதற்கான பஸ் வாடகை ஆகிய இவ்வளவுக்கே போதுமான சிறு கொடையைப் பற்றியே பேச விரும்புகின்றோம். சிறுவர் கலைக்கும் இயற்கைக் கல்விக்குமென ஊர்ச் சங்கங்களுக்கு வழங்கப்படும் இத்தகைய நன்கொடைகள், பெருந்திட்டங்களாலும் ஆகாத காரியங்களைச் சிற்சில இடங்களில் ஆக்கி விடுகின்றன. வேறு சில இடங்களிலோ, சுவரில் ஒரு பெயர்ப்பலகையை மட்டும் விட்டு மறைந்து விடுகின்றன. இவ்வேறுபாடு எதனால் நேர்கின்றது என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

நாம் வாழும் ஓர்ஸ் ஹில், திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்த மேட்டு நிலம். உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று நம் காலடியில் கிடக்கின்றது. கோணேசர் கோயில் மலைக்கு அப்பாலுள்ள கடலில், உலகிலேயே பெரிய உயிரினமாகிய நீலத்திமிங்கிலம் பருவந்தோறும் உலாவுகின்றது. நிலாவெளிக் கரைக்கு எதிரே பவளப் பாறைகள் சூழ்ந்த புறாத்தீவு உள்ளது. 1963 ஆம் ஆண்டில் சரணாலயமாகவும் 2003 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் அது பிரகடனம் செய்யப்பெற்றது. பிரடெரிக் கோட்டையிலும் நகரத் தெருக்களிலும் புள்ளிமான்கள் மக்களோடு மக்களாய்த் திரிகின்றன.

இத்தனை செல்வத்தின் நடுவே வளரும் நம் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் எங்கே இருக்கின்றனர்? ரியூஷன் வகுப்பிலே இருக்கின்றனர். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை என்னும் பெரும்பூதம் ஒன்பது வயதிலேயே அவர்களைப் பிடித்துக் கொள்கின்றது. புள்ளிக்காக ஓடும் பிள்ளைக்குப் புள்ளிமானை நின்று பார்க்க நேரமில்லை. அந்த மான்களோ, நாம் வீசும் உணவுப் பொதிகளோடு பிளாஸ்டிக் பைகளையும் தின்று மடிகின்றன. மானைப் பாராமலே வளரும் பிள்ளை, நாளை பையை எறியுமுன் ஏன் தயங்கப் போகின்றது? இது பொழுதுபோக்குப் பற்றிய கேள்வி அன்று. இவ்வூரின் கரையையும் கடலையும் நாளை காப்பவர் யார் என்னும் கேள்வி.

கலை வேறு, இயற்கை வேறு என்று பிரித்துப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம் அன்று. தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருளை வகுத்த இடத்தில், விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் யாழையும் ஒரே வரிசையில் வைத்தார். ஒரு நிலத்தின் பறவையும் அந்நிலத்தின் இசையும் அவர் கண்ணுக்கு உடன்பிறப்புகளாகத் தோன்றின. கடலைப் பாராத பிள்ளைக்கு நெய்தல் என்பது வெறும் மனனப் பாடம். கண்டற் செடியின் வேரைத் தொட்டு, அதைத் தன் கையால் வரைந்த பிள்ளைக்கோ அது தன் ஊர்.

இவ்விரண்டையும் ஒன்றாகக் கற்பித்த முயற்சியொன்று நம் கிழக்கு மாகாணத்திலேயே நிகழ்ந்தது. போர்க் காலத்தில், 1996 ஆம் ஆண்டு, மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா தொடங்கப்பெற்றது. கனடா நாட்டு ஓவியர் போல் ஹோகனும், இயேசு சபைத் துறவியாகிய போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதில் முன்னின்று உழைத்தனர். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒரே மர நிழலில் களிமண் பிசைந்தனர், படம் வரைந்தனர், கதை புனைந்தனர், நாடகம் ஆடினர், செடி கொடிகளையும் பிராணிகளையும் பேணினர். நம் கருத்தைக் கவர்ந்தது யாதெனில், அப்பிள்ளைகள் ஒருநாள் விழாவுக்கு வந்து கலைந்து செல்லவில்லை. வாரந்தோறும், மாதக்கணக்காக, மீண்டும் மீண்டும் வந்தனர் என்பதே. அஞ்சிய நெஞ்சம் ஒரே நாளில் மலர்வதில்லை அல்லவா?

அப்பூங்கா அயல்நாட்டு உதவியோடு எழுந்தது. சிற்றூர்ச் சங்கங்களின் கைக்கு எட்டும் உதவிகளும் உள. உலகச் சுற்றாடல் நிதியத்தின் சிறு நன்கொடைத் திட்டம், ரியோ டி ஜெனீரோவில் புவி மாநாடு கூடிய 1992 ஆம் ஆண்டில் தோன்றியது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் வாயிலாக இலங்கையில் 1994 முதல் இயங்கி வருகின்றது. இப்பணம் அரசாங்கத் திணைக்களங்களுக்குச் செல்லாது நேரே ஊர் அமைப்புகளைச் சேர்கின்றது என்பதே இதன் சிறப்பு. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், கரையோரக் கண்டற் காடுகளைக் கருதி 2006 இல் தொடங்கிய பன்னாட்டு முயற்சியொன்றும் இவ்வாறே சிறு நன்கொடைகளை வழங்கியது. இவை சுற்றாடலுக்கென அமைந்தவை. ஆதலால் ஓவியமும் பாட்டும் அங்கே நுழைய வேண்டுமாயின், விழிப்புணர்வு என்னும் பெயரைச் சூடிக்கொண்டுதான் நுழைய வேண்டியுள்ளது.

விண்ணப்பம் எழுதுவது எளிதன்று. நமக்குத் தெரிந்த சனசமூக நிலையமொன்றில், பனையோலை பின்னும் முதியவள் ஒருத்தியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க அழைத்தனர். அவள் ஓலையில் கிளியும் மீனும் செய்து காட்டினாள். பிள்ளைகள் வீட்டுக்குப் போக மறந்தனர். மாத முடிவில் கணக்கு எழுதும்போதுதான் இடர் தோன்றியது. ஓலைக்குப் பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டால் அவள் என் செய்வாள்? ஓலை தந்தவை அவள் வளவிலுள்ள வடலிகள் அல்லவா? “தம்பி, பனைக்கு எழுதத் தெரியாதே!” என்றாள். பேகனும் மயிலிடம் பற்றுச்சீட்டுக் கேட்டவன் அல்லன். எனினும் பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. கூடியிருந்தோர் சாட்சியாகக் கையொப்பமிட்ட ஒரு தாளையும் கணக்காக ஏற்கும் பெருந்தன்மை, கொடுப்போருக்கு வேண்டும் என்றே கூறுகின்றோம்.

வாங்குவோருக்கும் ஒரு கடமை உண்டு. கிடைத்த பணத்தில் முதலில் பெயர்ப்பலகையும் திறப்பு விழாவும் பொன்னாடையும் என்று தொடங்கினால், வர்ணப் பெட்டிக்கு மிஞ்சுவது சொற்பமே. சிறு பணம் கட்டடம் கட்டப் போதாது; ஆனால் ஐம்பது சனிக்கிழமைகளை வாங்கப் போதும். ஆகவே அதை வாரந்தோறும் திரும்பி வரும் செலவுக்கே வைத்தல் தகும். கடதாசி, களிமண், நாற்று, பஸ் வாடகை, கற்பிக்கும் பெரியவருக்கு ஒரு சிறு வேதனம் என்பன போதும். இடம், தேநீர், துணைக்கு நிற்கும் தாய்மார் ஆகிய மூன்றும் முதல்நாள் தொட்டே ஊரின் பங்காக அமையட்டும்.

இதற்கு வழி நம்மவர்க்குப் புதியதன்று. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை வேறு பானையில் எடுத்து வைத்து, அப்பிடியரிசியால் பள்ளிக்கூடமும் மடமும் நடத்திய மரபு நம்முடையது. எந்த வீடும் அதனால் பசித்ததில்லை. எந்த வீடும் அப்பள்ளியைப் பிறர் பள்ளி என்று எண்ணியதுமில்லை. வெளியிலிருந்து வரும் நன்கொடை ஓர் ஆண்டிலோ ஈராண்டிலோ முடிந்துவிடும். அது முடிந்த அடுத்த சனிக்கிழமையும் அக்கதவு திறந்திருக்குமாயின், அக்கொடை பலித்தது எனலாம். பூட்டிக் கிடக்குமாயின், எத்துணை அழகிய அறிக்கை எழுதி அனுப்பினும் பயனில்லை.

ஆதலால் சங்கங்களை நடத்தும் அன்பர்களுக்கும் பெற்றோர்க்கும் நாம் கூற விரும்புவது இதுவே: விண்ணப்பம் எழுதுங்கள், தயங்க வேண்டா. ஆனால் அதை எழுதத் தொடங்கும் அன்றே, பிடியரிசிப் பானையையும் எடுத்து வையுங்கள். மாணாக்கரே, வாரத்தில் ஒரு மாலை உங்களுக்கென்று கேட்டு வாங்குங்கள். துறைமுகத்தை நோக்கி அமர்ந்து ஒரு படம் வரையுங்கள். அதற்குப் புள்ளி இடுவார் ஒருவரும் இல்லை.