வழுக்கிச் செல்லும் தந்தி

1984இல் வெளியான விம் வெண்டர்ஸின் 'பாரிஸ், டெக்சாஸ்' படத்தைப் பார்த்த நம்மில் பலருக்கும், அதன் பாலைவெளியோடு சேர்ந்தே ஒரு கிதாரின் ஒலியும் நினைவில் தங்கியிருக்கும். வாசித்தவர் ரை கூடர். அந்த இசைக்கு அவர் ஆதாரமாகக் கொண்டது, பார்வையற்ற கறுப்பினப் பாடகர் பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927இல் பதிவு செய்த, சொற்களற்ற முனகலும் கிதாரும் மட்டுமே கொண்ட ஒரு படைப்பை. 1977இல் வாயேஜர் விண்கலம் சுமந்து சென்ற ஒலித்தட்டிலும் அது இடம்பெற்றது.

விரலில் மாட்டிய கண்ணாடிக் குழாயைத் தந்தியின்மீது வழுக்கிச் செல்லவிடுவது ஸ்லைடு முறை. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே உள்ள வெளியே அங்கு இசையாகிறது. கமகத்தில் தோய்ந்த நம் செவிகளுக்கு இது அந்நியமாக இருப்பதில்லை. விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணையுடன் கூடர் இணைந்த 1993ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில் இவ்வுறவைத் தெளிவாகக் கேட்கலாம். அது கிராமி விருதும் பெற்றது.

1996இல் மாலி நாட்டுக் கலைஞர்களையும் கியூபர்களையும் சேர்த்து வாசிக்கவைக்கும் திட்டத்துடன் ஹவானா சென்றார் கூடர். மாலியிலிருந்து வரவேண்டியவர்கள் வந்துசேரவில்லை. பதிவானது கியூபாவின் முதிய கலைஞர்களின் இசை. மறு ஆண்டு வெளியான 'புவேனா விஸ்டா சோஷியல் கிளப்' உலகெங்கும் ஒலித்தது. காலணிக்கு மெருகேற்றிப் பிழைத்துவந்த இப்ராகிம் ஃபெரெர், எழுபது வயதில் உலக மேடைகளில் பாடினார்.

மறக்கப்பட்டவர்களைக் கூடர் கண்டெடுத்தார் என்றே நாமும் வெகுகாலம் சொல்லிவந்தோம். இப்போது அது உறுத்துகிறது. அம்முதியவர்களைத் தேடித் திரட்டியதில் பெரும்பங்கு ஹுவான் தே மார்கோஸ் கொன்சாலெஸ் என்ற கியூபக் கலைஞருக்கு உரியது. அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் உச்சரித்திருப்போம்?

இதனால் கூடரின் தகுதி குறைந்துவிடாது. 'சான் சான்' பாடலை மீண்டும் கேட்டுப் பார்த்தோம். பாடுபவர்கள் மூச்சுவிடும் இடைவெளியில் மட்டும் அந்தக் கிதார் மெல்ல வழுக்கி வந்து ஒதுங்கிக்கொள்கிறது. எங்கே வாசிக்கக் கூடாது என்பதை அறிந்த கை அது. தொகுப்பின் அட்டைப்படத்திலும் கூடர் இல்லை. ஹவானாவின் தெருவொன்றில் ஃபெரெர்தான் நடந்துகொண்டிருக்கிறார். அவர் ஒதுங்கிய இடத்தில் அவரையே கொண்டுபோய் நிறுத்தியது நாம்தான்.