ஒற்றைப்படை வராத கடிகாரம்

சாலிகிராமத்தில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடி. ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஏசி, மூலையில் தண்ணீர் கேன். கபடி பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்கு அங்கே எண் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ரைடு போகிறவருக்கு 30 விநாடி. அந்த முப்பது, திரையின் மேல்மூலையில் ஒவ்வொரு ரைடுக்கும் இறங்கி வரவேண்டும்.

வேலை செய்பவர் முப்பத்தைந்து வயதுப் பெண். திருநெல்வேலியில் கல்யாண வீடியோக்களுக்கு டைட்டில் போட்டுத் தொழில் பழகியவர். உதவிக்கு இருக்கும் பையன் அவரை ‘அக்கா’ என்கிறான்.

முதலில் ரைடரின் கால் நடுக்கோட்டைத் தாண்டும் ஃபிரேமைத் தேடிப் பிடித்து மார்க்கர் வைத்தார். பிறகு ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எழுத்து லேயரைத் திறந்து, ஆல்ட் விசையை அழுத்தியபடி சோர்ஸ் டெக்ஸ்ட் பக்கத்திலிருக்கும் குட்டி ஸ்டாப்வாட்ச் படத்தைத் தட்டினார். எக்ஸ்பிரஷன் எழுத இடம் திறந்தது. ‘டைம்’ என்று ஒரு சொல் போட்டால் போதும், காம்ப், அதாவது லேயர்களை அடுக்கிய அந்தத் துண்டு, எத்தனை விநாடி ஓடியிருக்கிறது என்று மென்பொருளே சொல்லிவிடும். அதில் மார்க்கர் வரை போனதைத் தள்ளி, மீதியை முப்பதிலிருந்து கழிக்க வேண்டும். பூஜ்யத்தில் ஒரு தடுப்பு வேண்டும்; இல்லாவிட்டால் எண் மைனஸில் போய்க்கொண்டே இருக்கும். ஒற்றை இலக்கம் வந்தால் முன்னால் ஒரு பூஜ்யம், புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம். நாலே வரி. ஓட்டினார். எண் இறங்கியது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

“நடுங்குது பாருங்க சார்,” என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அந்த ஃபான்ட்டில் 1 ஒல்லி, 8 தடிமன். 1 வரும்போதெல்லாம் மற்ற இலக்கங்கள் உள்ளே நெருங்கின, அது போனதும் விலகின. சம அகல இலக்கங்கள் உள்ள ஃபான்ட் என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் படத்துக்கென்று இயக்குநர் தேர்ந்தெடுத்த ஃபான்ட் இது, மாற்ற முடியாது. ஈய எழுத்துக் கோத்த காலத்து அச்சகங்களில் இலக்கங்களை ஒரே அகலத்தில் வார்ப்பது வழக்கமாக இருந்தது. கணக்குப் பட்டியலில் பத்தி நேராக நிற்க வேண்டுமே. அந்தப் பழைய கவலைதான் இங்கே திரையில் மறுபடி வந்து நின்றது. நாலு இலக்கங்களையும் நாலு லேயராகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி இடத்தில் நடுவாக உட்கார வைத்தார். புள்ளிக்கும் தனி லேயர். மதியச் சாப்பாடு தாண்டிவிட்டது. மறுபடி ஓட்டியபோது எண் ஆணி அடித்த மாதிரி நின்று மாறியது.

இன்னொன்றைப் பையன் காட்டினான். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினான்: 30.00, 29.96, 29.92, 29.88, 29.84, 29.80. கடைசி இடத்தில் 0, 6, 2, 8, 4, மறுபடி 0. ஒற்றைப்படையே இல்லை. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 0.04 விநாடி. கணக்கு அவ்வளவுதான். வேகத்தில் கண்ணுக்குத் தெரியாது என்றாலும், கடைசி இலக்கத்துக்கு மட்டும் ரேண்டம் போட்டுவிட்டால் இன்னும் பரபரப்பாக இருக்கும் என்றான்.

“பாம் சீனுக்கு நானே போட்டிருக்கேன்டா. இது ஒரு ஆள் நெஜமா ஓடின ரைடு,” என்றார் அக்கா. ரேண்டம் வரவில்லை. பார்க்கிற ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த எண்ணை நம்பித்தானே ரைடரின் மூச்சைப் பார்க்கப்போகிறோம்? எனக்கு அவர் பக்கம்தான் நியாயமாகப் பட்டது.

சாயங்காலம் கடைசி ரைடு. இது ஸ்லோ மோஷனில் முடிகிறது. 100 ஃபிரேமில் எடுத்ததை 25இல் ஓட்டினால் நாலு மடங்கு மெதுவாகும். காம்பின் நேரமும் மைதானத்தின் நேரமும் இங்கே பிரிந்துவிடுகின்றன, ‘டைம்’ உதவாது. அந்தச் சொல்லை அழித்துவிட்டு எண்ணை ஒரு ஸ்லைடரோடு இணைத்து, அதன் மதிப்பைக் கீஃப்ரேம்களால் குறித்தார். கிராஃபில் 04.80 வரை கோடு சரிவாக இறங்கியது, அங்கிருந்து கால் பங்குச் சரிவு. கீஃப்ரேமை ஈஸ் பண்ணலாமா என்று பையன் கேட்டதற்குத் தலையாட்டி மறுத்தார். நேரம் வளைந்து போகக்கூடாது.

ரைடரின் கணுக்காலை ஒருவர் பிடித்திருக்கிறார், இடுப்பில் இருவர். கை மட்டும் கோட்டை நோக்கி நீள்கிறது. அக்கா பேஜ் டவுனைத் தட்டத் தட்ட, மூலையில் 04.79, 04.78, 04.77. நாள் முழுக்க வராத ஒற்றைப்படைகள் ஒன்று விடாமல் வந்தன. நான் திரையை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டேன். 04.19. விரலுக்கும் கோட்டுக்கும் நடுவே சுண்ணாம்புத் தூசி. 04.18. 04.17இல் நகம் கோட்டைத் தொட்டது.

அங்கே ஒரு ஹோல்டு கீஃப்ரேம் வைத்தார். எண் நின்றது. ரைடர் இன்னும் சறுக்கிக்கொண்டிருந்தார்.