மூவாயிரம் வாற்றும் ஒரு வாற்றும்

கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை நோக்கிச் செல்லும் வீதியை அண்டியுள்ள மஹய்யாவயில் மாநகரசபைத் தொழிலாளரின் குடியிருப்புகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் நகரத் துப்புரவுப் பணிக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த பலர் இன்றும் அங்கு வாழ்கின்றனர். ஒரு சுவர் இரு வீட்டாருக்கும் பொது. ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் மறுவீட்டில் கேட்கும். விடியுமுன் துடைப்பத்தோடு வீதிக்கு இறங்குவோர் முன்னிரவிலேயே உறங்கிவிடுவர். ஒலி அங்கு தனியுடைமை அன்று. அயலாரின் பொறுமையைக் கேட்டுப் பெறும் கடன்.

இவ்வாறான வரிசை வீடொன்றில் வாழ்ந்த ஒருவர் 2018 இல் மாநகரசபைச் சேவையிலிருந்து ஓய்வு பெற்றார். கைக்கு வந்த பணிக்கொடையில் கடனும் மகளின் படிப்புச் செலவும் போக எஞ்சிய சிறு தொகைக்கு வீட்டுக்கென ஒரு பாட்டுக் கருவி வாங்குவது என்பது அவரது நெடுநாள் விருப்பம். 1962 இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுவரம் இணையும் பாடலை, சிறுவயதில் அடுத்த வீட்டு வானொலியில் சுவரூடாகக் கேட்டு வளர்ந்தவர் அவர். அதைச் சுவரின் குறுக்கீடு இன்றி ஒருமுறையேனும் கேட்கவேண்டும் என்பதற்கு மேல் அவருக்கு வேறு இலட்சியம் இருக்கவில்லை.

நகரக் கடையொன்றில் அவருக்குக் காட்டப்பட்ட பெட்டியின் முகப்பில் 3000 வாற்று என்று பொன்னெழுத்தில் அச்சாகியிருந்தது. பக்கத்தில் சிறிதாக, பீ.எம்.பீ.ஓ. “ஐயா, மூவாயிரம் வாற்று! இதுக்கு மேல வீட்டுக்கு என்ன வேணும்?” என்றார் கடைக்காரர். பெட்டியின் விலை இரண்டு மாத ஓய்வூதியத்தை விழுங்கக்கூடியது. அவர் உடனே வாங்கவில்லை. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின், விண்ணப்பப் படிவங்களோடு வாழ்ந்த பெற்றோரின் பிள்ளை அவர். உறவினர் சிலர் கடல் கடந்ததையும் சிலர் இங்கே தங்கியதையும் படிவங்கள் தீர்மானித்த காலம் அது. அடியிலுள்ள சிற்றெழுத்தை எவரேனும் வாசித்துச் சொல்லுமுன் எதற்கும் ஒப்பமிடாத வழக்கம் அவ்வீட்டில் அப்போதே வேரூன்றிவிட்டது. கருவியோடு வந்த ஆங்கிலத் துண்டுப் பிரசுரத்தைக் கேட்டு வாங்கி, பேராதனையில் பொறியியல் பயின்றுகொண்டிருந்த மகளிடம் கொடுத்தார்.

“அப்பா, முன்பக்கத்தை விடுங்க. பின்னால ஒரு தகடு இருக்குமே, பார்த்தீங்களா?” என்பதே மகளின் முதற் கேள்வி. மறுநாள் இருவரும் சென்று பார்த்தனர். 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ், 60 வாற்று என்றிருந்தது. கருவி சுவரிலிருந்து உறிஞ்சும் மின்வலு அறுபது. அது வெளிவிடுவதாகச் சொல்லப்படும் வலுவோ மூவாயிரம். சக்திக் காப்பு விதி கடைகளுக்கும் பொதுவானதாயின், இக்கூற்று நிற்காது. மூவாயிரம் வாற்று என்பது ஆயிரம் வாற்று மின்னழுத்திகள் மூன்றின் வலு. 230 வோல்ற்றில் ஏறத்தாழ 13 அம்பியரை இழுப்பது. அவ்வீட்டின் 5 அம்பியர்க் குதைக்கு அது தாங்காது.

பாடநூல்கள் விரியலாக்கி என்றும் கடைகள் ‘அம்ப்’ என்றும் அழைக்கும் இக்கருவி தான் உறிஞ்சும் மின்சாரத்தில் ஒரு பங்கை வெப்பமாக இழக்கிறது. வழக்கமான ஏபி வகுப்புச் சுற்றாயின் முழு வலுவில் இயங்கும்போதும் பாதியளவே ஒலிபெருக்கியைச் சேரும் எனக் கொள்ளலாம். ஆகவே அப்பெட்டியின் உண்மையான கொள்ளளவு இரு வழிகளுக்கும் சேர்த்து முப்பது வாற்று அளவே.

பீ.எம்.பீ.ஓ. வெறும் விளம்பரச் சொல். உண்மை எண்களைக்கொண்டே ஒருவரை மயக்க முடியும் என்பதுதான் இதில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பழுதுபார்ப்போர் பலரும் அறிந்த ரீ.டீ.ஏ. 2030 என்னும் ஐ.சீ. சில்லினை எடுத்துக்கொள்வோம். நேர், எதிர் 14 வோல்ற்று வழங்கலில், 8 ஓம் ஒலிபெருக்கிக்கு, 0.5 வீதத் திரிபுக்குள் அது தருவது 9 வாற்று. அதே சில்லு 4 ஓமுக்கு 14 வாற்று தரும். திரிபை 10 வீதம் வரை அனுமதித்தால் 18 வாற்றாகும். சில்லு ஒன்று, வழங்கல் ஒன்று; ஒருவர் 9 என்பார், மற்றவர் 18 என்பார்; இருவரும் பொய்யர் அல்லர். முதலிரு எண்களும் 40 முதல் 15,000 ஹேட்ஸ் வரையுள்ள வீச்சுக்கு உரியவை என்பதையும், கடைசி எண் 1,000 ஹேட்ஸ் என்ற ஒரே சுரத்துக்கு மட்டும் உரியது என்பதையும் கவனித்தால், நிபந்தனைகள் எவ்வளவு அமைதியாகக் கழன்றுவிடுகின்றன என்பது புலனாகும். 10 வீதத் திரிபில் நாதசுவரம் எவ்வாறு ஒலிக்கும் என்பதைத் திருவிழாக் குழாய் ஒலிபெருக்கியின் அருகில் நின்றவருக்கு விளக்கவேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1960களில் இக்குழப்பம் உச்சமடைந்தது. ‘இசை வலு’, ‘உச்ச வலு’ என ஒரே கருவிக்குப் பல எண்கள் வழங்கின. 1974 இல் அந்நாட்டின் கூட்டரசு வர்த்தக ஆணைக்குழு வீட்டு விரியலாக்கிகளுக்கென ஒரு விதியைக் கொண்டுவந்தது. வலுவைக் குறிப்பிடுவோர் அது எத்தனை ஓம் சுமைக்கு, எந்த அதிர்வெண் வீச்சில், எவ்வளவு திரிபுக்குள், எல்லா வழிகளும் ஒருங்கே இயங்கும்போது பெறப்பட்டது என்பனவற்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அளப்பதற்கு முன் மூன்றிலொரு பங்கு வலுவில் ஒரு மணி நேரம் கருவியைச் சூடேற்றவும் வேண்டும். அப்பங்கு பின்னர் எட்டிலொன்றாகக் குறைக்கப்பட்டது. ஓமையும் வீச்சையும் உற்பத்தியாளரே தெரிந்துகொள்ள இருந்த இடைவெளியை 2024 இல் செய்த திருத்தம் மூடியது: 8 ஓம், 20 முதல் 20,000 ஹேட்ஸ், 1 வீதத்துக்குக் குறைந்த திரிபு. விதியைச் செப்பனிட ஐம்பது ஆண்டுகள் சென்றன என்பது வணிகரின் கற்பனைவளத்துக்கு ஒரு சான்று. (நம்பிக்கை ஊட்டும் ‘ஆர்.எம்.எஸ். வாற்று’ என்ற தொடரும் பிழையானதே. அவ்வடைமொழி வோல்ற்றளவுக்கு உரியது, வலுவுக்கு அன்று. ஆயினும் தொடர்ச்சியான வலுவைக் குறிக்க அதுவே வழக்காகிவிட்டது.)

எத்தனை வாற்று வேண்டும் என்ற கேள்விக்கு விடை ஒலிபெருக்கியிடம் இருக்கிறது. ஒரு வாற்று ஊட்டினால் ஒரு மீற்றர் தூரத்தில் 88 டெசிபெல் தரும் ஒலிபெருக்கி சாதாரணமானது. இயல்பான உரையாடலோ 60 டெசிபெல் அளவினது. அவ்வரிசை வீட்டில் ஒரு முழு வாற்றைத் தொடர்ந்து செலவிடின் அயலார் கதவைத் தட்டுவர். வலுவை இருமடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல். செவிக்கு ஒலி இருமடங்காய்த் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வலு வேண்டும். ஐம்பதுக்கும் நூறுக்குமிடையே விலையில் தெரியும் வேறுபாடு காதில் அவ்வளவாகத் தெரிவதில்லை. அதற்காக வலு வீண் என்று கூறுவதும் தவறு. மெல்ல ஓடும் பாடலில் தவில் ஒருகணம் அதிரும்போது 20 டெசிபெல் உயரக்கூடும். பத்திலொரு வாற்றில் கேட்பவருக்கும் அக்கணத்தில் 10 வாற்று தேவை. அதற்கான சேமிப்பு இருக்கவேண்டும், மூவாயிரம் வேண்டியதில்லை.

தந்தையும் மகளும் இறுதியில் வாங்கியது பழைய பொருள் விற்கும் கடையில் தூசு படிந்திருந்த யப்பானியக் கருவியொன்று. 1970களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. முகப்பில் வாற்றுப் பற்றி எதுவும் இல்லை. கூடவே இருந்த கையேட்டில், ஒரு வழிக்கு 25 வாற்று, இரு வழிகளும் இயங்க, 8 ஓமில், 20 முதல் 20,000 ஹேட்ஸ் வரை, 0.1 வீதத்துக்கு மேற்படாத திரிபுடன் என்று ஒரு நீண்ட வாக்கியம் காணப்பட்டது. நீளத்தைக்கொண்டே மகள் அது நம்பத்தக்கது என்றாள். யப்பானின் உள்நாட்டுக் கருவிகள் 100 வோல்ற்றுக்கு உரியவையாதலால், பின்புறத்து வோல்ற்றுத் தெரிவி 240 இல் நிற்பதையும் உறுதிசெய்துகொண்டாள். உலர்ந்துபோன கொள்ளளவிகள் சிலவற்றை மாற்றிய செலவையும் சேர்த்தாலும் முதற் பெட்டியின் விலைக்குக் குறைவாகவே முடிந்தது. சத்தக் குமிழ் அவ்வீட்டில் ஒன்பது மணித் திசையை இதுவரை தாண்டியதில்லை.

செய்தி வரிசையெங்கும் பரவிற்று. அடுத்த சில ஞாயிறுகளில் அயல்வீட்டார் தத்தம் கருவிகளைத் திருப்பிவைத்து, தகட்டை வாசித்துத் தருமாறு அவரையே அழைத்தனர். ஆங்கிலம் அறியாத அவருக்கு இப்போது வோல்ற்று, ஹேட்ஸ், வாற்று என்னும் மூன்று சொற்களும் எழுத்தடையாளமாகவே தெரியும். முகப்பில் ஆயிரம், இரண்டாயிரம், ஐயாயிரம் என்றிருந்தவற்றின் தகடுகளில் பெரும்பாலும் நாற்பதுக்கும் எண்பதுக்கும் இடைப்பட்ட எண்களே இருந்தன. ஒன்றில் மட்டும் தகடு ஒட்டியிருந்த இடம் தெரிந்தது, தகட்டைக் காணவில்லை.