மைக் புடிக்கிற வயசா இது?

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா?"

நம்மாளுங்க வாயில சரளமா வர்ற கேள்வி இது. தாத்தா ஜீன்ஸ் போட்டா, பாட்டி ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்கிட்டா, ரிடையர் ஆன சித்தப்பா கிடார் கிளாஸுக்குப் போனா, எல்லாத்துக்கும் ஒரே கேள்விதான். ராக் பாடகர்கள் விஷயத்துல வெள்ளைக்காரனும் அதையேதான் கேக்கறான். இங்கிலாந்துல கிளாஸ்டன்பரி இசைவிழாவுக்கு யார் யார் வர்றாங்கன்னு பட்டியல் வெளியானா போதும், "மறுபடியும் கிழவரா? இளசுங்களுக்கு இடமே கிடையாதா?"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பிடும்.

நான் கிழவர்கள் கட்சி. முதல்லயே சொல்லிடறேன். ஆனா கண்மூடித்தனமான தொண்டன் இல்லை, ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு. (தூக்கம் வர்றவங்க மூணு பத்தி தாண்டிக்கலாம் :-))

கிளாஸ்டன்பரி விழா நடக்கறது ஒரு மாட்டுப் பண்ணையில. சாமர்செட் பக்கம் பில்டன்னு ஒரு கிராமம். அங்க மைக்கேல் ஈவிஸ் என்கிற பால் பண்ணைக்காரர் 1970 செப்டம்பர் 19-ஆம் தேதி முதல் விழாவை நடத்தினார். டிக்கெட் ஒரு பவுண்டு, பண்ணைப் பால் இலவசம். வந்தவங்க சுமார் 1,500 பேர். 2025-ல அதே பண்ணைக்குள்ள நுழைய 373.50 பவுண்டு, அதுக்கு மேல புக்கிங் கட்டணம் 5 பவுண்டு. கூட்டம் ரெண்டு லட்சத்தைத் தாண்டும். பால் இன்னும் இலவசமான்னு மட்டும் கேக்காதீங்க.

அந்த முதல் விழாவோட தேதியைக் கவனிங்க. அதுக்கு முந்தின நாள்தான் லண்டன்ல ஜிமி ஹென்ட்ரிக்ஸ் செத்துப் போனார். வயசு 27. ரெண்டே வாரத்துல ஜானிஸ் ஜோப்ளின், அதே 27. அடுத்த வருஷம் ஜிம் மாரிசன், அதுவும் 27. ராக் இசையோட சாமிங்க எல்லாம் இளமையிலேயே போய்ச் சேர்ந்தவங்க. படத்துல மாலையோட இருக்கறவனுக்கு நரைக்காது, வழுக்கை விழாது, முட்டி வலிக்காது. தி ஹூ குழுவோட பீட் டவுன்ஷெண்ட் 1965-ல, இருபதே வயசுல, கிழவனாகறதையே கேவலமா நினைச்சு ஒரு பாட்டு எழுதி உலகப் புகழ் அடைஞ்சார். அதே மனுஷன் 71 வயசுல மேடை ஏறி கிடார் வாசிச்சார். அதுக்கு அப்புறம் வர்றேன்.

இதுல பெரிய வேடிக்கை என்னன்னா, இவங்களுக்கெல்லாம் குருநாதர்கள் யாருன்னு பாத்தீங்கன்னா அமெரிக்காவோட கறுப்பின ப்ளூஸ் கலைஞர்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் தங்களோட பேரையே மடி வாட்டர்ஸ் பாட்டுல இருந்துதான் எடுத்தாங்க. அந்த ப்ளூஸ் உலகத்துல ரிடையர்மெண்டுங்கற பேச்சே கிடையாது. வயசு ஏற ஏறத்தான் மதிப்பு. பி.பி. கிங் 2011-ல கிளாஸ்டன்பரி மேடையில நாற்காலி போட்டு உக்காந்து கிடார் வாசிச்சார். அப்ப அவருக்கு 85. "இவருக்கு இந்த வயசுல தேவையா"ன்னு ஒருத்தரும் கேக்கலை. குருவுக்குக் கிடைச்ச மரியாதை சிஷ்யனுங்களுக்குக் கிடைக்கலை. ஏன்னா ப்ளூஸ் வாழ்க்கையைப் பாடுச்சு, ராக் இளமையை வித்துச்சு. வித்த சரக்கு கையில தீர்ந்து போன பிறகும் கடையைத் தொறந்து வெச்சிருந்தா சனம் சிரிக்கத்தான் செய்யும்.

சரி, விழா நடத்தறவன் ஏன் பெரியவங்களையே தேடிப் போறான்? துட்டுதான், வேற என்ன. ஒரு காலத்துல ஆல்பம் வித்து சம்பாதிச்சாங்க, ஊர் ஊராப் போய்ப் பாடறது அதுக்கு விளம்பரம். இணையம் வந்து அந்த வியாபாரத்தைத் தலைகீழாப் புரட்டிப் போட்டுடுச்சு. இப்ப பாட்டுதான் விளம்பரம், மேடைதான் வருமானம். அறுபதுகள்ல பத்து பைசாவுக்கு வழியில்லாம அலைஞ்ச ரசிகனுக்கு இன்னிக்கு வீடு, காரு, பென்ஷன் எல்லாம் இருக்கு. அவனை எங்க கூப்பிட்டாலும் வருவான்.

இதை அப்பட்டமா செஞ்சு காட்டினது 2016 அக்டோபர்ல கலிஃபோர்னியாவோட இண்டியோ ஊர்ல நடந்த டெசர்ட் ட்ரிப். பாப் டிலன், ரோலிங் ஸ்டோன்ஸ், நீல் யங், பால் மெக்கார்ட்னி, ரோஜர் வாட்டர்ஸ், தி ஹூ. ஆறே பேர் பட்டியல், எல்லாம் எழுபதைத் தொட்டவங்க, தாண்டினவங்க. பக்கத்துலயே இளசுங்களுக்காக நடக்கற கோச்செல்லா விழாவை வெச்சு இதுக்கு 'ஓல்ட்செல்லா'ன்னு கிண்டலாப் பேரு வெச்சாங்க. கிண்டல் பண்ணவன் பண்ணிட்டே இருக்க, ரெண்டு வாரக்கடைசியில வசூல் சுமார் 16 கோடி டாலர்! இந்த ரெண்டு வாரக்கடைசிக்கும் நடுவுலதான் டிலனுக்கு இலக்கிய நோபல் அறிவிச்சாங்க. மறுநாள் ராத்திரி மனுஷன் மேடைக்கு வந்தார், பாடினார், பரிசைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம இறங்கிப் போயிட்டார். 75 வயசுலயும் அந்தத் திமிர் குறையலை, அதான் ராக் :-)

எதிர்க்கட்சி வாதத்துலயும் நியாயம் இருக்கு. பெரிய மேடையை எல்லாம் பெரியவங்களே பிடிச்சுக்கிட்டா அடுத்தவன் எப்ப வளர்வான்? ஒத்துக்கறேன். ஆனா ரெண்டுக்கும் இடம் இருக்குன்னு கிளாஸ்டன்பரியே 2022-ல காட்டுச்சு. வெள்ளிக்கிழமை பில்லி ஐலிஷ், 20 வயசு, அந்த விழாவுலயே இளைய தலைமைப் பாடகி. சனிக்கிழமை மெக்கார்ட்னி, 80 முடிஞ்சு சரியா ஒரு வாரம், அந்த விழாவுலயே மூத்த தலைமைப் பாடகர். ஞாயிறு கென்ட்ரிக் லமார். இதைவிட நல்ல விருந்து யார் போடுவா?

நான் இதையெல்லாம் நேர்ல பாத்தவன் இல்லைங்க. சோழிங்கநல்லூர்ல ஒரு வாடகை ரூம்ல, ஆணியெல்லாம் புடுங்கி முடிச்ச ராத்திரியில, லேப்டாப்புல ஹெட்ஃபோன் மாட்டிப் பாத்தவன். மெக்கார்ட்னி ரெண்டரை மணி நேரத்துக்கு மேல பாடினார். குரல் பல இடத்துல உடைஞ்சுது. உச்ச ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் 'ஏறிடுவாரா மாட்டாரா'ன்னு நமக்கே மூச்சு முட்டும். பின்னாடி திரையில ஜான் லென்னன், 1969-ல எடுத்த படம். பீட்டர் ஜாக்சன் குழு லென்னனோட குரலை மட்டும் தனியாப் பிரிச்சுக் குடுத்திருந்தது. 40 வயசுல சுட்டுக் கொல்லப்பட்ட நண்பன் திரையில இளமையா, தெளிவாப் பாடறான். கீழ 80 வயசு நண்பன் கரகரத்த குரல்ல கூடப் பாடறான். எது நல்லா இருந்துதுன்னு கேட்டா, சுருதி சுத்தம் லென்னன்தான். ஆனா எனக்குத் தொண்டை அடைச்சது மெக்கார்ட்னி குரலைக் கேட்டு.

இப்ப நிபந்தனைக்கு வர்றேன். வயசை மறைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

பர்மிங்ஹாம்ல 2025 ஜூலை 5-ஆம் தேதி நடந்த ஆஸி ஆஸ்பர்னோட கடைசி நிகழ்ச்சியை எடுத்துக்கோங்க. பிளாக் சபாத் குழு பிறந்த ஆஸ்டன் பகுதியிலயே இருக்கற வில்லா பார்க் கால்பந்து மைதானம். பார்கின்சன் நோய், முதுகுத்தண்டுல ஆபரேஷன், மனுஷனால நடக்க முடியலை. ஒரு கறுப்பு சிம்மாசனத்துல உக்காந்தபடி மேடைக்கு அடியில இருந்து மேல வந்தார். எழுந்து நிக்கப் பாக்கறார், முடியலை. கை தட்டறார், கண்ணை உருட்டறார், பாடறார். மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோசஸ் எல்லாம் அவருக்கு முன்னாடி வாசிச்சுட்டு வழிவிட்டு நின்னாங்க. பதினேழு நாள் கழிச்சு, ஜூலை 22, செத்துப் போனார். வயசு 76. "இந்த நிலைமையில மேடை தேவையா?"ன்னு கேட்டவங்களுக்கு அதைவிடப் பெரிய பதில் கிடையாது. தேவைதான் போல.

அவர் பக்கத்துல நின்னு கிடார் வாசிச்ச டோனி ஐயோமி கதையும் இங்க சொல்லணும். பதினேழு வயசுல தகரத் தொழிற்சாலையில வேலை. வேலையை விட்டு நிக்கற கடைசி நாள், மெஷின்ல மாட்டி வலது கையில ரெண்டு விரல் நுனி போச்சு. அவர் இடது கைக்காரர், அதனால கிடார்ல கம்பியை அழுத்தற கையே அதுதான். முடிஞ்சுதுன்னு எல்லாரும் சொன்னாங்க. அவர் பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணி வர்ற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செஞ்சு மாட்டிக்கிட்டார். பின்னாடி, அழுத்தறதுக்கு லேசா இருக்கட்டும்னு கம்பியோட இறுக்கத்தைக் குறைச்சு சுருதியையும் கீழ இறக்கினார். அந்தக் கனமான, இருட்டான சத்தம்தான் ஹெவி மெட்டலோட அடையாளமாவே ஆயிடுச்சு. நம்ம தொழில் பாஷையில சொன்னா, வேற வழியில்லாம ஒட்டுப் போட்டது, கடைசியில அதுவே ஃபீச்சர்.

வயசும் அந்த மாதிரி ஒரு குறைபாடுதான்னு எனக்குத் தோணுது. அதை ஒத்துக்கிட்டு அதுக்கேத்த மாதிரி பாட்டை மாத்தறவன்கிட்ட புதுசா ஏதோ கிடைக்குது. ஜோனி மிட்சல் 2015-ல மூளையில ரத்தக்குழாய் வெடிச்சு, பேச, நடக்க எல்லாம் திரும்பக் கத்துக்க வேண்டியதாப் போச்சு. கிடார் வாசிக்க, தன்னோட பழைய வீடியோவையே பாத்து விரலை எங்க வெக்கணும்னு கத்துக்கிட்டாங்களாம். 2022 ஜூலையில நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழாவுல, 78 வயசுல, நாற்காலியில உக்காந்து பாடினாங்க. இருபத்துச் சொச்ச வயசுல வாழ்க்கையோட ரெண்டு பக்கத்தையும் பாத்துட்டதா எழுதின பாட்டு. அந்த வயசுல அது கெட்டிக்காரத்தனம். 78-ல அது வாக்குமூலம். குரல் ரொம்பக் கீழ இறங்கியிருந்தது, அந்த இறக்கத்துலதான் அர்த்தமே இருந்தது.

இதுக்கு நேரெதிர் அப்பா குழுவோட லண்டன் நிகழ்ச்சி. 2022 மே மாசத்துல ஆரம்பிச்சாங்க. எழுபதை ஒட்டின வயசுல இருந்த நாலு பேரும் உடம்பெல்லாம் சென்சார் மாட்டி ஆடிக் காட்ட, அதை வெச்சு 1979-ல இருந்த தோற்றத்துல டிஜிட்டல் உருவங்கள் தயார் பண்ணி மேடை ஏத்தினாங்க. இன்ஜினியரா சலாம் போடறேன், அசாத்திய வேலை. கிஸ் குழுவும் 2023 டிசம்பர்ல கடைசி நிகழ்ச்சி முடிஞ்ச கையோட தங்கள் டிஜிட்டல் உருவங்களைக் காட்டிட்டுப் போனாங்க. ஆனா ரசிகனா எனக்கு ஒட்டலை. குரல் உடையவே உடையாதுன்னு தெரிஞ்சா அப்புறம் எதுக்கு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பாக்கணும்?

"உனக்கு ஏன்டா இவ்ளோ அக்கறை? உனக்கு இருபத்தெட்டு வயசுதானே"ன்னு நீங்க கேக்கலாம். சொல்றேன்.

எங்க டீம்ல 51 வயசுல ஒரு சார் இருந்தார். கோபால்ல ஆரம்பிச்சவர் (பல்பொடி இல்லைங்க, கம்ப்யூட்டர் மொழி). மேனேஜர் ஆகலை, ஆகவும் ஆசைப்படலை. கண்ணு மங்குதுன்னு ஸ்க்ரீன்ல எழுத்தை இவ்ளோ பெருசா வெச்சிருப்பார். பசங்க அதை "சினிமா போஸ்டர்"னு ஓட்டுவாங்க. அவர் கண்டுக்க மாட்டார். புது சமாச்சாரம் ஏதாவது வந்தா பாதி வயசுப் பையன் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு, "தம்பி, இது எப்படி வேலை செய்யுது, சொல்லிக் குடு"ன்னு கேப்பார். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துக்கிட்டா நாங்க பதறுவோம், அவர் டீயைக் குடிச்சுக்கிட்டே லாகை வரி வரியாப் படிப்பார். காரணம் அவர் கண்ணுலதான் முதல்ல படும். எனக்கு பிளாக் சபாத்தை அறிமுகப்படுத்தினதும் அவர்தான்.

ஒரு நாள் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. அரை மணி நேரத்துல பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். 'உங்க அனுபவத்துக்கேத்த வேலை இல்லை'ன்னு காரணம் சொன்னாங்களாம். டீக்கடையில நின்னு பேசிக்கிட்டிருந்தப்ப எங்க பசங்கள்லயே ஒருத்தன் சொன்னான், "இந்த வயசுல கோடிங் எல்லாம் தேவையா மச்சி?"

நம்ம ஊர்ல இந்தத் தொழில் பெருசா வளர ஆரம்பிச்சது தொண்ணூறுகள்லதான். அப்ப சேர்ந்தவங்கதான் இப்ப அம்பதைத் தாண்டறாங்க. கோட் எழுதிக்கிட்டே கிழவனாகறது எப்படின்னு இவங்களுக்கு முன்னாடி யாரும் பெரிய அளவுல நடந்து காட்டலை. ராக் பாடகர்களுக்கும் இதே பிரச்னைதான். ஆனா அவங்களுக்கு ஒரு வசதி, ஆயிரக்கணக்கான பேர் டிக்கெட் வாங்கி வந்து நிக்கறாங்க. எங்க சாருக்கு யாரும் டிக்கெட் வாங்கலை.

அதனாலதான் சொல்றேன், விழா மேடையில எண்பது வயசு மனுஷன் ஒருத்தர் மூச்சு வாங்கிக்கிட்டே நின்னா, நான் கேலி பண்ண மாட்டேன். இன்னும் இருபத்து மூணு வருஷத்துல நானும் எழுத்தைப் பெருசாக்கிக்கிட்டு உக்காந்திருப்பேன். உக்காற நாற்காலி இருக்குமான்னுதான் தெரியலை.

உங்க கட்சி எது மக்களே? சொல்லிட்டுப் போங்க.

பி.கு: புதுசா ஆரம்பிக்கறவங்க ஜோனி மிட்சலோட நியூபோர்ட் நிகழ்ச்சியில இருந்து ஆரம்பிங்க, ஆல்பமாவே வந்திருக்கு. 80 வயசு ராட் ஸ்டூவர்ட்டும் 79 வயசு நீல் யங்கும் பாடின கிளாஸ்டன்பரி 2025-ஐ அப்புறமாப் பாத்துக்கலாம். ஹெட்ஃபோன் மறக்காதீங்க, பக்கத்து ரூம்காரன் சண்டைக்கு வருவான்.